கேம் முடித்தவருக்குத் தொடர் எதற்கு?

2025 மே 31 – கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்

‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ வீடியோ கேம் இரண்டையும் முடித்தவன் நான். பூஞ்சைத் தொற்றால் உலகம் அழிந்தபின், தொற்றாத சிறுமி எல்லியை ஜோல் என்பவர் கூட்டிக்கொண்டு போகும் கதை. அதைத் தழுவிய தொலைக்காட்சித் தொடரில் முதல் சீசன் நான்கு எபிசோட் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். தொற்று வந்தவர்களைக் காணவே இல்லை. பேச்சுத்தான். கேமில் இருட்டுக்குள் கிளிக்கர், அதாவது தொற்று முற்றிக் குருடானவரின் சத்தம் கேட்டால் கை வியர்க்கும், இங்கே நித்திரை வருகிறது. ஏற்கனவே ஆடி முடித்த கதையை இன்னொரு தரம் உட்கார்ந்து பார்க்க ஒரு காரணம் சொல்லுங்கள் பார்ப்போம்.

2025 ஜூன் 1, ஞாயிறு இரவு

தம்பி, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். நான்காவது எபிசோட் முடியும்போது ஓர் இளைஞனும் ஒரு சிறுவனும் துவக்கோடு நிற்கிறார்கள் அல்லவா? அந்த இரண்டு பேருக்காகத்தான் நான் இந்தத் தொடரைத் தூக்கிப் பிடிக்கிறேன். ஐந்தாவதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு சண்டை பிடிப்போம்.

கேம் எனக்கும் தெரியும். 2013-இல் நோட்டி டோக் நிறுவனம் அதை பிளேஸ்டேஷன் 3-க்கு வெளியிட்டது, மறுவருஷம் 4-க்கு மெருகேற்றிய பதிப்பு வந்தது. என் சொந்தத் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது வீட்டில் விட்டுப்போன பெட்டியில் அதைத்தான் ஆடினேன். கேமின் பயம் கைக்குள் இருக்கிறது என்பது உண்மை. ரவை இரண்டுதான் மிச்சம். கத்தி உடைந்துவிட்டது. கிளிக்கருக்குக் கண் தெரியாது, காது மட்டும்தான். குமிழை மெதுவாகத் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். இந்தப் பயத்தைத் தொலைக்காட்சியால் தர முடியாது. தொடரை உருவாக்கிய கிரேக் மேசினும் நீல் டிரக்மனும் அதைத் தர முயலவில்லை, அதுவே அவர்கள் எடுத்த முதல் நல்ல முடிவு. டிரக்மன் கேமை எழுதியவர். அவரே தன் சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதியை வெட்டச் சம்மதித்திருக்கிறார்.

வெட்டிய இடத்தில் என்ன வைத்தார்கள் என்பதுதான் பேச வேண்டிய விஷயம். நாளை எழுதுகிறேன், இங்கே கரண்ட் வந்து வந்து போகிறது.

2025 ஜூன் 2

கதை முழுக்க வெளியே வரும். இரண்டாம் சீசனும் வரும். பார்க்காதவர்கள் இத்துடன் நின்றுகொள்ளுங்கள், பிறகு கோபிக்கக் கூடாது.

2025 ஜூன் 3

முதலில் மா பற்றி. திருகோணமலைக்காரர் ஒருவர் இந்தத் தொடரைப் பார்த்தால் இரண்டாவது எபிசோடின் தொடக்கத்தில் நிமிர்ந்து உட்காராமல் இருக்க முடியாது.

ஜகார்த்தா, 2003 செப்டெம்பர். பூஞ்சைகளைப் படித்த பேராசிரியர் ஒருவரைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து இராணுவம் அழைத்துப் போகிறது. இந்தோனேசியாவின் மூத்த நடிகை கிறிஸ்டின் ஹக்கிம் நடித்திருக்கிறார். ஒரு பிணத்தைக் காட்டுகிறார்கள். அந்தப் பெண் வேலை செய்த இடம் மாவும் தானியமும் அரைக்கும் ஆலை. கூட வேலை செய்தவர்களில் 14 பேரைக் காணவில்லை. மருந்து உண்டா, தடுப்பூசி உண்டா என்று அதிகாரி கேட்கிறார். இல்லை என்கிறார் பேராசிரியர். என்ன செய்யலாம் என்றால், நகரத்தையே குண்டு போட்டு அழியுங்கள், எல்லோரையும் சேர்த்து, என்கிறார். சொல்லிவிட்டு, என்னை என் குடும்பத்திடம் கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்கிறார். தேநீர்க் கோப்பை கையில் நடுங்குகிறது.

கேமில் இந்தக் காட்சி இல்லை. துவக்குச் சூடும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஆனால் சீனக்குடா மா ஆலையின் உயரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சும்மா ஒரு காட்சியா? உலகத்தின் மிகப் பெரிய மா ஆலைகளில் ஒன்று நம்முடைய குடாவில் நிற்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் தந்தார்கள். கப்பலில் கோதுமை வரும், மாவாகி லொறியில் நாடு முழுக்கப் போகும். காலையில் பாண், பின்னேரம் பனிஸ், இரவு கொத்து ரொட்டி. ஒரு நாளில் எத்தனை தரம் அந்த மா நம் வாய்க்குள் போகிறது என்று அந்தக் காட்சி பார்த்த இரவு யோசித்துக்கொண்டு கிடந்தேன். ஒரு பொருள் இவ்வளவு வேகமாக ஒரு நாட்டின் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர முடியும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தக் கதையை நம்பினேன்.

2025 ஜூன் 4

மாதான் காரணம் என்று தொடர் எங்கேயும் சொல்லவில்லையே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது எபிசோடில் ஜோல் எல்லியிடம் சொல்கிறார்: பூஞ்சை மாறியது, உணவுக்குள் போனது, மாவு அல்லது சீனி மாதிரி அடிப்படையான ஒன்றில் இருந்திருக்கலாம், எங்கும் ஒரே பொருள் விற்கப்பட்டது, திங்கட்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊகம் என்றுதான் சொல்கிறார், சரி. ஆனால் முதல் எபிசோடைத் திரும்பப் பாருங்கள். காலையில் பான்கேக் செய்ய மா இல்லை. பக்கத்து வீட்டார் பிஸ்கட் தருகிறார்கள், ஜோல் வேண்டாம் என்கிறார். மகள் சாரா அவர்கள் வீட்டுக் குக்கியைச் சாப்பிடவில்லை. ஜோல் தன் பிறந்தநாள் கேக்கை வாங்க மறந்துவிடுகிறார். அந்த வீடு தப்பியதும் பக்கத்து வீடு தப்பாததும் இதனால்தான். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2025 ஜூன் 7, சனி

இப்போது தம்பி கேட்டதற்கு. பயம் இல்லை என்றீர்கள்.

முதல் எபிசோடில் பொஸ்டன் தனிமைப்படுத்தல் வலயம். வெளியிலிருந்து ஒரு சின்னப் பையன் தனியாக நடந்து வருகிறான். ஒரு கருவியை அவன் உடம்பில் வைக்கிறார்கள். சிவப்பு, தொற்று இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் சிரித்த முகத்தோடு, மருந்து போடுவோம், உனக்குப் பிடித்த சாப்பாடு தருவோம், விளையாட்டுச் சாமான் தருவோம் என்கிறாள். அடுத்து நாம் காண்பது அந்தப் பையனின் உடலை. ஜோல் அதைத் தூக்கி நெருப்பில் போடுகிறார். அன்றைய கூலிக்குப் பங்கீட்டு அட்டை வாங்கிக்கொண்டு நடக்கிறார்.

இதில் தொற்று வந்த ஒருவரும் ஓடி வரவில்லை. எனக்கோ கேமின் எந்தக் கிளிக்கரையும்விட இது பயம் தந்தது. சிவப்பா பச்சையா என்று ஒரு கருவி சொல்கிறது, அதற்குமேல் பேச்சில்லை. எங்களுக்குச் சிறுவயதில் கருவி இல்லை. சுற்றிவளைப்பு நாளில் ஆண்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். வாகனத்துக்குள் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் இருப்பார். ஒவ்வொருவராக அவர் முன்னால் போக வேண்டும். அவர் தலை அசைந்தால் ஒரு பக்கம், அசையாவிட்டால் மறுபக்கம். தலையாட்டி என்று சொன்னால் எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் விளங்கும். அப்பா போய்விட்டுத் திரும்பி வரும்வரை அம்மா முற்றத்தில் நின்றுகொண்டே இருப்பார்.

ஊரடங்கு, பாஸ், சென்றி, நிவாரண அட்டை, சங்கக்கடை வரிசை. இதையெல்லாம் கேமில் பத்து நிமிடத்தில் தாண்டிப் போய்விடலாம். தொடர் அங்கே நின்று பார்க்கிறது. அதிகாரம் தரும் பயம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் தொடரில் பயத்துக்குக் குறைவே இல்லை.

இன்னொன்று. தொடர் வந்தது 2023 ஜனவரி. அதற்கு முந்தைய வருஷம் நாம் எப்படி இருந்தோம்? மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை. ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் வந்தது. போனில் கோடு காட்டினால்தான் லீற்றர் கிடைக்கும். அந்த வரிசைகளில் கால் நொந்து நின்றுவிட்டு வந்து ஜோலின் பங்கீட்டு அட்டையைப் பார்த்தேன்.

2025 ஜூன் 8

அம்மா என்னோடு மூன்றாவது எபிசோட் பார்த்ததைப் பற்றி எழுதச் சொல்லி மட்டக்களப்பு அக்கா கேட்டிருக்கிறார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், இடையிடையே நிறுத்தி நான் சொன்னேன். பில் என்பவர் உலகம் அழியும் என்று முன்கூட்டியே நம்பி, நிலத்தடியில் பங்கர் கட்டி, சாமான் சேர்த்து வைத்திருக்கிறார். இராணுவம் ஊரையே ஏற்றிக்கொண்டு போகும்போது ஒளிந்திருந்துவிட்டு, பிறகு வெளியே வந்து, வேலி போட்டுத் தனியாக வாழ்கிறார். அமெரிக்கர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்களாக இருக்கும். அம்மா சிரிக்கவில்லை. அரிசி எங்கே வைத்திருக்கிறார், தண்ணீருக்கு என்ன செய்கிறார் என்று கேட்டார். எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு பை எப்போதும் தொங்கும். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, ஒரு டோர்ச். சண்டை முடிந்து இவ்வளவு காலமாகியும் அம்மா அதைக் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை.

பிறகு அந்தக் குழி. பொஸ்டனுக்கு வெளியே காட்டோரத்தில் எலும்புகள், துணிகள். இவர்களுக்குத் தொற்று இருந்ததா என்று எல்லி கேட்கிறாள். இல்லை, வலயத்தில் இடம் இல்லாமல் போயிருக்கும், செத்தவர்களுக்குத் தொற்று வராது என்கிறார் ஜோல். இதை மொழிபெயர்க்க நான் படத்தை நிறுத்தினேன். அம்மா எனக்கு விளங்குது, நீ போடு என்றார்.

கேமில் பில் கசப்பு முற்றிய தனியாள். அவருடைய பிராங்க் வெறுப்போடு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுத் தூக்குப் போட்டுக்கொள்கிறார், நாம் கார் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். தொடரில் அதே இருவரும் ஒன்றாக முதுமை அடைகிறார்கள். நிக் ஓபர்மன் இதற்காக எமி விருது வாங்கினார். இரண்டு ஆண்கள் குடும்பமாக வாழ்வதை அம்மா என்ன சொல்வாரோ என்று நான் பயந்தபடி இருந்தேன். ஸ்ட்ரோபெரி தின்னும் காட்சியில், பாவம், எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு பழம் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கேமைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அதே இரண்டு பேருக்கு ஒரு முழு வாழ்க்கை எழுதிய துணிச்சலை நான் கும்பிடுகிறேன்.

2025 ஜூன் 10, பொசன் விடுமுறை

ஐந்தாவது எபிசோட். இதற்காகத்தான் இந்த இழையில் இறங்கினேன்.

கேமில் பிட்ஸ்பேர்க் ஞாபகம் இருக்கிறதா? வேட்டைக்காரர்கள் வருவார்கள், நாம் மறைந்திருந்து ஒவ்வொருவராக முடிப்போம். அவர்கள் யார்? இராணுவத்தை விரட்டியவர்கள் என்று சுவரில் எழுதியிருப்பதையும் கடதாசித் துண்டுகளையும் வாசித்தால் ஓரளவு தெரியும். நான் வாசிக்காமல் சுட்டேன், நீங்களும் சுட்டிருப்பீர்கள். தொடர் அந்த நகரத்தை கன்சஸ் சிட்டிக்கு மாற்றி, அந்த வேட்டைக்காரருக்கு ஒரு தலைவியைக் கொடுக்கிறது. கேத்லீன். கேமில் இல்லாத பாத்திரம், மெலனி லின்ஸ்கி நடித்தது. அவளுடைய அண்ணா மைக்கேல்தான் இயக்கத்தின் தலைவர், எல்லோரும் நேசித்தவர். இராணுவத்துக்கு அவரைக் காட்டிக்கொடுத்தவன் ஹென்றி. ஏன் கொடுத்தான்? எட்டு வயதுத் தம்பி சேமுக்கு இரத்தப் புற்றுநோய். மருந்து இராணுவத்தின் கையில் இருந்தது. அவர்கள் கேட்ட விலை மைக்கேல்.

இதைப் பார்த்துவிட்டுப் பேச்சு மட்டும்தான் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணா இருந்தார். அவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். மற்ற வீட்டுப் பிள்ளைகள் வரவில்லை. எப்படி வந்தான் என்று ஊர் கேட்கத் தொடங்கியது. அண்ணா யாரையாவது சொன்னாரா, சொல்லவில்லையா, இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. கிணற்றடியில் பேச்சை நிறுத்தினார்கள். கடையில் கடன் கொடுக்க மறுத்தார்கள். ஒரு விடியற்காலையில் அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டது. நான் அப்போது சின்னப் பிள்ளை, அவர் எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர். அவர்களைத் துரோகி வீட்டார் என்று பெரியவர்கள் சொன்னதை நானும் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

ஹென்றி ஜோலிடம் தன் கதையைச் சொல்லும்போது தன்னை நியாயப்படுத்தவில்லை. மைக்கேல் நல்லவர், நான் செய்தது கெட்ட வேலை என்று ஒப்புக்கொள்கிறான். தம்பியை விட்டுவிட்டிருக்க வேண்டுமா என்று நம்மைக் கேட்பதுபோல அவன் முகம் இருக்கிறது. மறுபக்கம் கேத்லீன். மன்னித்துவிடு என்று கடைசியாகப் பார்த்தபோது அவள் அண்ணா சொல்லியிருக்கிறார். அவளால் முடியவில்லை. காட்டிக்கொடுத்தவர்களை ஓர் அறைக்குள் கூட்டி, வழக்கு நடக்கும், சிறையில் இருப்பீர்கள், பயப்பட வேண்டாம் என்று சொல்லி விபரம் வாங்கிக்கொண்டு, வெளியே வந்து சுடச் சொல்கிறாள். தன் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த டொக்டரைத் தன் கையால் சுடுகிறாள். குரல் உயர்த்துவதே இல்லை, ஒரு பள்ளிக்கூட ரீச்சர் மாதிரி இருக்கிறாள். விடுதலை வாங்கிய பத்துப் பன்னிரண்டு நாளில் ஓர் ஊர் எப்படித் தன் ஆட்களையே தின்னத் தொடங்கும் என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய வேறு தொடரை நான் பார்க்கவில்லை.

அவளைக் கெட்டவள் என்று ஒதுக்கவும் என்னால் முடியவில்லை. அவளுடைய அண்ணா செத்தது உண்மை. ஹென்றியின் தம்பி பிழைத்ததும் உண்மை.

பிறகு சேம். கேமில் அவனுக்குப் பதின்மூன்று வயது, காது கேட்கும். தொடரில் காது கேட்காது, சிலேட்டில் எழுதிப் பேசுவான். நடித்த கீவன் வுட்வர்டும் செவிப்புலனற்றவர்தான். கடி பட்டதை எல்லிக்கு மட்டும் காட்டுகிறான். அரக்கனாக மாறினாலும் உள்ளே இருப்பது நீதானா என்று எழுதிக் கேட்கிறான். எல்லி தன் இரத்தம் மருந்து என்று சொல்லித் தேய்த்துவிடுகிறாள். விடிய சேம் மாறிவிடுகிறான், ஹென்றி அவனைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறான், கிண்ணியாத் தம்பி இதைக் கேமில் ஆடியிருக்கிறீர்கள். கேமில் அது அதிர்ச்சியாக இருந்தது. தொடரில் ஹென்றி இந்தத் தம்பிக்காக என்னவெல்லாம் கொடுத்தான் என்று தெரிந்த பிறகு நடக்கிறது. நான் எழும்பி வெளியே போய் நின்றேன்.

2025 ஜூன் 11

நேற்று எழுதியதற்கு வந்த தனிச் செய்திகளை இங்கே போட மாட்டேன். எந்த ஒழுங்கை, எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அந்தக் குடும்பம் எங்கேயோ நிம்மதியாக இருக்கட்டும்.

2025 ஜூன் 15

பூஞ்சை உண்மையா என்று பலர் கேட்டதால், கொஞ்சம்.

எறும்பைப் பிடிக்கும் பூஞ்சை உண்மைதான், ஒஃபியோகோர்டிசெப்ஸ். தொற்றிய எறும்பு கூட்டை விட்டு விலகி, செடியில் ஏறி, இலையின் அடிப்பக்க நரம்பைக் கடித்துப் பிடித்துக்கொண்டு சாகும். பிறகு தலையிலிருந்து தண்டு முளைத்து வித்திகளைக் கொட்டும். 2017-இல் வந்த ஆய்வு ஒன்று இன்னும் விசித்திரமானதைக் காட்டியது. பூஞ்சை எறும்பின் உடம்பு முழுக்கத் தசைகளுக்குள் பரவுகிறது, மூளைக்குள் போவதில்லை. மனிதருக்கு இது வராது, நம் உடல் சூடு பெரும்பாலான பூஞ்சைகளுக்கு அதிகம். தொடரின் முதல் காட்சியில், 1968-இல் நடப்பதாகக் காட்டும் தொலைக்காட்சி உரையாடலில், விஞ்ஞானி பயப்படுவது இதற்குத்தான்: உலகம் சூடாகி, பூஞ்சையும் அந்தச் சூட்டுக்குப் பழகிவிட்டால்? உலக சுகாதார நிறுவனம் 2022 ஒக்டோபரில் ஆபத்தான 19 பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. மனிதருக்கான பூஞ்சைத் தடுப்பூசி ஒன்றும் பாவனையில் இல்லை. பேராசிரியர் சொன்னதில் அந்தப் பகுதி கற்பனையில்லை.

கேமில் காற்றில் பறக்கும் வித்திகளை முதல் சீசனில் எடுத்துவிட்டார்கள், முகமூடியோடு நடிகர்களின் முகத்தைப் பார்க்க முடியாதே. சரியான முடிவு. இரண்டாம் சீசன் ஐந்தாவது எபிசோடில் சியாட்டில் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்த் தளத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். காட்சி அழகு, ஆனால் இத்தனை வருஷம் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பதற்கு நல்ல பதில் தரவில்லை.

2025 ஜூன் 22

ஜூன் 1 எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கேமுக்கு அநியாயம்.

சோல்ட் லேக் சிட்டி ஆஸ்பத்திரி. எல்லியின் மூளையை வெட்டினால்தான் மருந்து. ஜோல் அவளைத் தூக்கிக்கொண்டு போக எல்லோரையும் கொல்கிறார். தொடரில் சத்தத்தைக் குறைத்து, சோகமான இசையை விட்டு, ஒரு கனவு மாதிரிக் கடந்துபோகிறார்கள். பெட்ரோ பஸ்கால் நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் நான் வெளியே நின்று பார்த்தேன்.

கேமில் வெளியே நிற்க முடியாது. சத்திரசிகிச்சை அறைக்குள் போகிறீர்கள், டொக்டர் ஒரு சிறிய கத்தியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவரைக் கொல்லாமல் கேம் நகராது. நான் கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கனநேரம் இருந்தேன், வேறு வழி வருமா என்று. வரவில்லை. நானே அமுக்கினேன். இரண்டாவது கேமில் அந்த டொக்டரின் மகளாக அபி வந்து நிற்கும்போது, அவள் என்னிடம்தான் வந்தாள் என்று நெஞ்சு சொன்னது. தொடர் பார்த்தவருக்கு அவள் ஜோலிடம்தான் வருகிறாள்.

ஆகவே என் கருத்து இப்போது இப்படி நிற்கிறது. நாம் சுட்டுக்கொண்டு ஓடிய ஆட்களுக்குத் தொடர் முகமும் வீடும் கொடுத்தது, கேமால் அது முடியவில்லை. நம் கையில் இரத்தத்தைப் பூசுவது கேமால் மட்டும்தான் முடிந்தது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள எனக்கு மனம் இல்லை.

2025 ஜூலை 3

டிரக்மன் தொடரிலிருந்து விலகுகிறார் என்று செய்தி. மூன்றாம் சீசனை மேசின் கொண்டுபோவார். கேம் வேலைக்குத் திரும்புகிறார் என்பது காரணம்.

எனக்குக் கவலை. இரண்டாம் சீசன் ஏழே எபிசோட், ஏப்ரல் 13-இல் தொடங்கி மே 25-இல் முடிந்துவிட்டது. ஜோல் இரண்டாவது எபிசோடிலேயே செத்துவிட்டார். அது கேமிலும் அப்படித்தான், அதில் எனக்குப் புகார் இல்லை. புகார் வேறு. சியாட்டிலில் இரண்டு கூட்டம் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருக்கிறது. ஏன்? எங்கே தொடங்கியது? அந்தப் பக்கத்துத் தாய் யார், இந்தப் பக்கத்து அண்ணா யார்? கன்சஸ் சிட்டிக்கு இரண்டு எபிசோடில் செய்ததை சியாட்டிலுக்கு ஒரு சீசனில் செய்யவில்லை. ஜெப்ரி ரைட் கேமில் குரல் கொடுத்த, ஒரு கூட்டத்தின் தலைவனான அதே ஐசக்காக வந்தும், சித்திரவதை செய்வதைத்தான் அதிகம் பார்த்தோம். மூன்றாவது சீசன் அபியின் பக்கம் என்கிறார்கள். அங்கேயாவது இது கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

ஆறாவது எபிசோட் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. ஜோலும் எல்லியும் விறாந்தையில் நின்று பேசும் இரவு, டிரக்மன் இயக்கியது. மன்னிக்க முயற்சி செய்ய விரும்புகிறேன் என்று எல்லி சொல்கிறாள். கேத்லீனிடம் அவள் அண்ணா கேட்டதும் அதைத்தானே.

2025 ஜூலை 19

சுற்றுலா வந்த யாரோ, நகரத்துக்குள் மான் நடப்பதைப் பார்த்து ‘இது த லாஸ்ட் ஒஃப் அஸ் மாதிரி இருக்கிறது’ என்று எழுதியதை இங்கே ஒட்டியிருக்கிறீர்கள். ஒட்டகச்சிவிங்கிக் காட்சியைச் சொல்கிறார். கல்கரி மிருகக்காட்சிச்சாலையின் உண்மையான ஒட்டகச்சிவிங்கியை வைத்து எடுத்தது, கேமில் போலவே அந்த இடத்தில் எல்லி முதன்முறை குழந்தையாகிறாள்.

நம்முடைய மான்கள் கோட்டைக்குள்ளும் வீதியிலும் எப்போதும் இருந்தவை. உலகம் முடிந்ததால் வந்தவை இல்லை. பொலித்தீன் தின்று சாகின்றன, அதைப் படம் எடுத்துப் போடுங்கள்.

பாழடைந்த அழகு வேண்டுமென்றால் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைச் சொல்லலாம். பிரித்தானியர் கட்டியவை, இப்போது 99 நிற்கின்றன, பலவற்றைக் காடு மூடியிருக்கிறது. 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்தது. தொடருக்காகக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய தோற்றம் நம்மிடம் சும்மா கிடக்கிறது. ஆனால் அதைப் பார்க்கும்போது எனக்குக் கதை ஒன்றும் தோன்றவில்லை. மூதூரிலிருந்து 2006-இல் சண்டைக்குத் தப்பி நடந்து வந்தவர்களைக் கேட்டால்தான் கதை கிடைக்கும்.

2025 ஓகஸ்ட் 2

கிண்ணியாத் தம்பி திரும்பி வந்துவிட்டார். ஐந்தாவதைப் பார்த்திருக்கிறார், பிறகு பிட்ஸ்பேர்க்கை மறுபடி ஆடியிருக்கிறார், இந்தமுறை கடதாசி எல்லாம் வாசித்து. கேத்லீன் தேவையில்லாத பாத்திரம் என்கிறார், ஹென்றியே போதுமாம். எனக்கு உடன்பாடில்லை. ஹென்றி மட்டும் இருந்திருந்தால் நாம் அவனுக்காக அழுதுவிட்டு எழும்பியிருப்போம். அவனால் செத்தவருக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று கேத்லீன் வந்து நிற்கிறாள். அவளை எடுத்துவிட்டால் அது பழைய கேம்தான்.

தொற்று வந்தவர்கள் போதுமா என்று கேட்டேன், லொறி தாழ்ந்த குழிக்குள்ளிருந்து அந்தக் கூட்டம் ஏறி வந்தபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டதாக எழுதியிருக்கிறார். சரி, அதில் ஒத்துப்போகிறோம்.

பன்னிரண்டு வயதுத் தங்கச்சிக்குக் காட்டலாமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஐந்தாவதும் வேண்டாம், எட்டாவது வேண்டவே வேண்டாம், அந்த டேவிட் என்ற ஆள் எல்லியிடம் நடந்துகொள்வதை அவள் இப்போது பார்க்கத் தேவையில்லை. அவள் பெரியவளாகட்டும். நீங்கள் மட்டும் ஒன்பதாவதைப் பார்த்துவிட்டு வந்து, ஆஸ்பத்திரி பற்றி நான் ஜூன் 22 எழுதியதற்குப் பதில் சொல்லுங்கள்.